மாதிரி 47, வசாவிளான்

பொலித்தீன் பையில் ஒரு கிலோ மண்.
மேலே நீல மையில் என் கையெழுத்து:
நாற்பத்தேழு. வசாவிளான். பதினைந்து சென்ரிமீற்றர் ஆழம்.
கீழே சின்னதாய்: கமலாசினி, நாலு பரப்பு.

ஏழு வயதில் விட்டுப்போன காணி.
முப்பது வருடம் முட்கம்பிக்குள் கிடந்தது.
யாரும் உழவில்லை, யூரியா எறியவில்லை.
ஈச்சையும் நாயுருவியும் பாவட்டையும்
தம்பாட்டில் முளைத்துத் தம்பாட்டில் விழுந்து
மாரியில் அழுகின.
வேர் செத்த துளையில் வேறொரு வேர் இறங்கியது.
காவலரணில் நின்றவர்களுக்குத் தெரியாது
தாங்கள் எதைக் காத்தார்கள் என்று.

பக்கத்துப் பை நாற்பத்தாறு, குப்பிழான்.
வெங்காயம், புகையிலை, திரும்பவும் வெங்காயம்.
கழுவிக் கவிழ்த்த சட்டி போல
நல்ல சிவப்பு.

இரண்டிலும் ஒரு துளி அமிலம் விட்டேன்.
இரண்டும் பொரிந்தன.
அது சுண்ணக்கல்லின் காபன்,
கடல் தன் சிப்பிகளை எண்ணி வைத்த பழைய கணக்கு.
கமலாசினியின் பேரில் அதை எழுத முடியாது.

நான் தேடுவது வேறு:
இலையாய் இருந்து, புழுவின் வயிற்றில் இருந்து,
பூஞ்சணத்தின் நூலாய் இருந்து,
கடைசியில் துருவேறிய ஒரு களித்துணிக்கையில்
ஒட்டிக்கொண்டு
வெளியே வர மறுக்கிறதே, அது.

ஒரு கிராம் மண். செம்மஞ்சள் இருகுரோமேற்று.
கந்தக அமிலம் ஊற்றக் குடுவை கையைச் சுடும்.
ஆறவிட்டு அளவியைத் திறந்தால்
கலங்கல் நீலமாகும்,
நீலம் ஒரே சொட்டில் பச்சையாகும்.
அந்த ஒரு சொட்டுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
மண்ணில் காபன் கூடினால் சொட்டுக் குறையும்.
குப்பிழான் பதினேழு மில்லிலீற்றர் குடித்தது.
வசாவிளான் ஒன்பதரையில் பச்சை காட்டியது.
நம்பாமல் திரும்பச் செய்தேன்.
ஒன்பது தசம் நாலு.

நூற்றுக்கு இரண்டு தசம் ஒன்று.
மற்றது பூச்சியம் தசம் ஆறு.

அரிதட்டில் இன்னொன்றும் தங்கியிருந்தது:
உளுந்தளவில், சோளமளவில், கரித்துண்டுகள்.
தொலைபேசியில் கேட்டேன்.
"எங்கட வீட்டு வளையா இருக்கும்" என்றாள்.
"தொண்ணூறில எரிஞ்சது.
அதையும் கணக்கில சேப்பியளோ?"

சேர்க்கலாம்தான்.
ஆனால் வீடெரிந்த கரியை
என் அமிலமும் முழுதாய்த் தின்னாது.
எல்லாவற்றிலும் நீண்ட நாள் இருக்கப் போவது அது.
என் தாளில் அரைகுறையாய் வருவதும் அதுவே.

உழாமல் விட்டால், என்று தொடங்கினேன்.
மூடு பயிர், குழியில் மட்டும் நடுகை,
அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருப்பதெல்லாம்.
பொறுமையாய்க் கேட்டாள்.
"மண்ணுக்கை காபன் நிக்கும் சரி.
வங்கிக் கடனும் அப்பிடியே நிக்குமே?"

ஐப்பசியில் உழவு இயந்திரம் வந்தது.
வேலிக்கரையில் நின்று பார்த்தேன்.
கலப்பையின் பின்னால் கொக்குகள்.
கறுப்பாய்ப் புரண்டு வெயில் பட்டது மண்.
"என்ன வாசம்!" என்றார் ஓட்டி.
அது செலவாகிற வாசம் என்று
நான் சொல்லவில்லை.

நாலு பரப்பில் மூன்றைத்தான் உழுவித்தாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
வெங்காயம் கிண்டிய பிறகு அந்த மூன்றிலும்
வாய்க்கால் வெட்டிக் காவோலையும் பச்சையோலையும்
அடுக்கி மூடினாள். கூலியாள் ஒருவர்,
அவள், அவள் மகன். இரண்டு கிழமை வேலை.
நாலாவது பரப்பில் ஈச்சை அப்படியே நின்றது.
"அதில பாம்பிருக்கு" என்றாள்.

அடுத்த வருட மாதிரி, எண் நூற்றிப் பன்னிரண்டு.
உழுத நிலம்: ஒன்று தசம் ஏழு.
பச்சை வந்த சொட்டை
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஓலை உக்கி மண்ணாக
இன்னும் நாலைந்து மாரி பிடிக்கும்.
அதற்குள் இறங்குமா, ஏறுமா,
ஒரு வருடத்துக் குடுவை சொல்லாது.

அரிதட்டைத் தட்டினேன்.
வளையின் கரி
போன வருடத்து அளவிலேயே இருந்தது.